‘லுக் ஃபோர்வேர்ட் டு’வுக்குப் பின் ‘மீட்’டா, ‘மீட்டிங்’கா?

‘மீட்டிங்’தான் சரி. யாழ்ப்பாணத்து வங்கி வேலை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினால், அதன் கடைசி வரி ‘ஐ லுக் ஃபோர்வேர்ட் டு மீட்டிங் யூ’ என்று இருக்க வேண்டும்.

‘மீட்’ என்று எழுதத் தோன்றுவதற்கு, ‘வாண்ட் டு கோ’ என்று நம் ரியூசன்களில் உருப்போட்ட பழக்கம் காரணமாக இருக்கலாம். ‘டு’வைக் கண்டதும் கை தானாக வினையடியை எழுதிவிடுகிறது. இங்கே அது வெறும் முன்னிடைச்சொல் (‘இன்’, ‘அட்’ போல); அதன் பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வரும்.

சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபோர்வேர்ட் டு இட்’ பொருந்துகிறது, ஆகவே ‘இங்’. ‘வாண்ட் டு இட்’ பொருந்தாது.

‘என்ஜாய்’, ‘அவொய்ட்’, ‘ஃபினிஷ்’ ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது. ‘இங்’ என்று மனனம் செய்யத்தான் வேண்டும். ‘ஸ்டாப்’ இன்னும் பொல்லாதது: ‘ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டுவிட்டார், ‘ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் புகைப்பதற்காகவே நின்றார்!