பார்க்கின்சன்ஸ்க்கு தங்க நானோ சொட்டு குடுத்தா மாத்திரையை நிறுத்திடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயசு, மூணு வருஷமா பார்க்கின்சன்ஸ், லெவோடோபா மாத்திரை மூணு வேளை போடுறார். தங்கத்தை நானோ துகளாக்கி சொட்டு மருந்தா குடிச்சா மூளை நரம்பு சேதம் சரியாகி நடுக்கம் நின்னுடும்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சு. சித்தப்பா அதை வாங்கிட்டு மாத்திரையை நிறுத்திடலாம்ங்கிறார். என்ன செய்யலாம் டாக்டர்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வணக்கம்மா. மாத்திரையை நிறுத்தாதீங்க, அதை முதல்ல சொல்லிடுறேன். லெவோடோபாவை திடீர்னு நிறுத்தினா சிலருக்கு உடம்பு விறைச்சு, காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறி ஐசியு வரைக்கும் போயிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னைக்கே சித்தப்பாகிட்ட இதை சொல்லிடுங்க.

அந்த வீடியோ மொத்தமும் கட்டுக்கதை இல்லம்மா, அதனாலதான் நல்லா படிச்சவங்களும் நம்பிடுறாங்க. நம்ம உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா நாம இழுக்கிற ஆக்சிஜன்ல கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்குது. அவ்வளவு ஆக்சிஜன் எரியிற இடத்துல செல்லை சேதப்படுத்துற ஃப்ரீ ராடிக்கல்ஸ்ங்கிற மூலக்கூறுங்க வரத்தான் செய்யும். உடம்பு அசைவுக்குத் தேவையான டோபமின்ங்கிற ரசாயனத்தை தயாரிக்கிற செல்லுங்கதான் பார்க்கின்சன்ஸ்ல செத்துப்போகுது, அதுங்க இருக்கிற இடத்துல இரும்பு வேற அதிகம், டோபமின் உடையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், அது இரும்போட சேர்ந்தா இன்னும் மோசமான ராடிக்கலா மாறி செல்லை அரிக்கும். இதை அடக்க நானோ துகள் உதவுமான்னு விஞ்ஞானிங்க நிஜமாவே தேடிட்டு இருக்காங்க. அதுல செரியம்ங்கிற உலோகத்தோட ஆக்சைடு முக்கியமானது, செரியம் ரெண்டு மின்னூட்ட நிலைக்கு நடுவுல மாறி மாறி போகும், அதனால ராடிக்கலை அடக்க நம்ம உடம்புல ஏற்கனவே இருக்கிற ஆன்டிஆக்சிடென்ட் என்சைம் செய்யிற வேலையை தானே திரும்பத் திரும்ப செய்யும். எலிகள்லயும் செல்லுங்கள்லயும் நல்ல ரிசல்ட் வந்திருக்கு.

ஆனா அதே செரியம் துகள் சுத்தி அமிலத்தன்மை கூடுன இடத்துல தலைகீழா வேலை செஞ்சு ராடிக்கலை உண்டாக்கவும் செய்யும், ஊசியில போட்ட துகள் எலிகளோட கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் மாசக்கணக்குல தங்கிடுது. அளவு, வடிவம், மேல பூசுற பொருள் எது மாறினாலும் அதோட குணமே மாறிடும். அதனால "நானோ தங்கம்"னு லேபிள் ஒட்டுன ஒரு பாட்டிலும் ஆராய்ச்சியில இருக்கிற துகளும் ஒண்ணுன்னு எடுத்துக்கவே முடியாது.

தங்கத்துக்கு மனுஷங்ககிட்டயே ட்ரையல் நடந்திருக்கு. சிஎன்எம்-ஏயு8னு ஒரு மருந்து, குடிக்கிற மாதிரி தண்ணியில கலந்த தங்க நானோ படிகம், ஏஎல்எஸ்ங்கிற நரம்பு நோய்க்கு அமெரிக்காவுல பெரிய ட்ரையல்ல பார்த்தாங்க, 2022-ல ரிசல்ட் வந்தப்போ முதன்மையா எதிர்பார்த்த பலன் கிடைக்கல. பார்க்கின்சன்ஸ்ல நடந்தது ரொம்ப சின்ன ஸ்டடி, மூளையோட எனர்ஜி ரசாயனம் மாறுதான்னுதான் முக்கியமா பார்த்தாங்க. நடுக்கம் நின்னுதுன்னு அதை வச்சு யாரும் சொல்ல முடியாது.

இந்த நோய்ல ஆன்டிஆக்சிடென்ட் நம்மளை ஏமாத்துறது புதுசும் இல்ல. 800 பேர்கிட்ட வைட்டமின் ஈ குடுத்துப் பார்த்த ட்ரையல் 1993-ல வெளியாச்சு, பிரயோஜனம் இல்ல. கோஎன்சைம் க்யூ10ங்கிற இன்னொரு ஆன்டிஆக்சிடென்ட்டும் 2014-ல அப்படியேதான். இதை விட வருத்தமானது 2022-ல வந்துச்சு, மூளையில சேர்ந்த இரும்பை வெளியேத்துற டெஃபெரிப்ரோன் மருந்தை 372 பேர் இருந்த ட்ரையல்ல குடுத்துப் பார்த்தாங்க, ஸ்கேன்ல இரும்பு குறைஞ்சிருந்துச்சு, ஆனா அந்த மருந்து எடுத்தவங்க எடுக்காதவங்களை விட மோசமாகிட்டாங்க. டோபமின் தயாரிக்கவே அந்த இரும்பு வேணும்மா. பேப்பர்ல எவ்வளவு நியாயமா தெரிஞ்ச ஐடியா பாருங்க, மனுஷங்ககிட்ட போனப்போ இப்படி ஆச்சு. அதனாலதான் ட்ரையல் முடியாத எதையும் உங்கப்பாவுக்கு குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பாட்டிலை ஏற்கனவே வாங்கி குடுத்துட்டீங்கன்னா மறைக்காம நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, யாரும் திட்ட மாட்டாங்க. உலோகம் கலந்த இந்த மாதிரி மருந்துல ஈயம், பாதரசம் இருந்தா அதுவே நரம்பைக் கெடுக்கும், தேவைப்பட்டா ரத்தத்துல செக் பண்ணிடலாம்.

அந்தக் காசை ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கு செலவு பண்ணுங்க. வேக நடை, சைக்கிள், பேலன்ஸ் பயிற்சி எல்லாம் நிஜமாவே பலன் குடுக்குது. இன்னொண்ணு, அப்பா ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையோ இரும்பு கலந்த சத்து மாத்திரையோ போடுறாரான்னு பாருங்க, லெவோடோபாவோட சேர்த்துப் போட்டா மருந்து உடம்புல சரியா ஏறாது, நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும். மாத்திரையை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி குடுங்க, முட்டை, கறி, பருப்பு மாதிரி புரதம் அதிகமா உள்ள சாப்பாட்டோட சேர்ந்தா சிலருக்கு சரியா பிடிக்காது. வெறும் வயித்துல குமட்டுச்சுன்னா ரெண்டு பிஸ்கட்டோட குடுக்கலாம். இதெல்லாம் செஞ்சும் நடுக்கம் தொந்தரவா இருந்தா டோஸையும் நேரத்தையும் மாத்த நிறைய வழி இருக்கு, எந்தெந்த நேரத்துல நடுக்கம் கூடுதுன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதி அடுத்த விசிட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.