எந்த்ரே கபோஷ்: மளிகைக்கடை நடத்திய ஒலிம்பிக் வாள்வீரர்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் சேபர் வாள்வீச்சுத் தங்கம் வென்ற யூதர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த்ரே கபோஷ் ஹங்கேரிக்காரர், 1906இல் பிறந்தவர். அன்றைய வாள்வீச்சில் பதக்கம் சோறு போடாது. அதனால் மளிகைக்கடை நடத்தினார். சேபர் என்பது வெட்டவும் குத்தவும் பயன்படும் வாள்; அதில் இடுப்புக்கு மேலே வெட்டினால் புள்ளி. ஆனால் அப்போது மின்கருவி கிடையாது, வெட்டு பட்டதா என்பதை நடுவர்கள் கண்ணால் பார்த்துத்தான் சொன்னார்கள். ஹிட்லரின் ஊரில், அப்படிப்பட்ட தீர்ப்பில், தனிநபர், அணி என இரண்டு தங்கம்! எனக்கு இது சாதாரண வெற்றியாகவே தெரியவில்லை.

அப்புறம் போர். அந்தத் தங்கங்கள் அவரைக் காப்பாற்றவில்லை. யூதர் என்பதால் கட்டாய உழைப்புக்கு அனுப்பினார்கள். 1944 நவம்பர் 4, புடாபெஸ்டின் மார்கரெட் பாலத்தில் வைத்திருந்த வெடிகள் வெடித்தபோது கபோஷ் பாலத்தின் மேல் இருந்தார். வயது 37.