சம்பளப் பாக்கிக்காக உங்கள் கணக்கைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை

கேள்வி: கடலூர் முதுநகரில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறோம். மாமனார் தொடங்கிய கடை. கணவர் இறந்த பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஒரே கணக்கர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிவந்தார். சம்பளத் தகராறில் போன மாதம் நின்றுவிட்டார். கடைசி மாதச் சம்பளத்தை நான் கொடுக்கவில்லை. மறுநாள் கணினியைத் திறந்தால் கடைக் கணக்கே இல்லை. "எல்லாம் என் பென் டிரைவில் இருக்கிறது, சம்பளம் வந்தால் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். இப்போது வேறொரு வலைக் கடையில் சேர்ந்து என் வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்கிறார். ஜிஎஸ்டி ஓடிபியும் அவர் எண்ணுக்குத்தான் போகிறது. படகுக்காரர்கள் எனக்குத் தரவேண்டிய பாக்கி முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
— வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கணினியை அணைத்து, மின்இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சட்டப் பிரிவுகளைப் பிறகு பார்க்கலாம். அழிக்கப்பட்ட கோப்பு உடனே மறைந்துபோவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படும் வரை மீட்க வாய்ப்பு இருக்கிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு அதிகம், எஸ்எஸ்டி என்றால் குறைவு. தெரிந்த பையனைக் கூப்பிட்டு விண்டோசை மறுபடி ஏற்றச் சொன்னால், தரவோடு சாட்சியமும் போய்விடும். எந்த பென் டிரைவ் எந்த நாளில் செருகப்பட்டது என்பதற்கான தடயம் விண்டோசிலேயே பதிந்திருக்கும். கடையில் கேமரா இருந்தால் அந்தப் பதிவையும் இன்றே நகல் எடுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். சம்பளத்தை நிறுத்தியது தவறு. உழைத்த மாதத்துக்கான கூலி அவருடையது. இன்றே வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். "இது உங்கள் சம்பளம். எங்கள் கணக்குத் தரவை நீங்கள் எடுத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை, அதை உடனே திருப்பித் தரவேண்டும்" என்று ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள். அவர் சொல்லும் ஒரே நியாயமும் அதோடு போய்விடும்.

அந்த நியாயமும் சட்டத்தில் நிற்காது. பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பிடித்துவைக்கும் பொதுவான உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு வங்கியாளர், ஃபேக்டர் எனப்படும் வணிக முகவர், துறைமுகக் கிடங்குக்காரர், உயர் நீதிமன்ற அட்டர்னி, காப்பீட்டுப் பாலிசித் தரகர் ஆகியோருக்கு மட்டுமே தருகிறது. மற்றவர்களுக்கு அந்த உரிமை வேண்டுமானால் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். கணக்கர் அந்தப் பட்டியலில் இல்லை. எழுதிய கை அவருடையதாக இருக்கலாம், கணக்கு உங்களுடையது.

அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். தரவு தன்னிடம் இருக்கிறது, அது உங்களுடையது, பணத்துக்காகத்தான் தராமல் இருக்கிறேன் என்று மூன்றையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அந்தக் கைப்பேசியையே மாற்றாமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவை நிரூபிக்க, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தரவேண்டும். அதன் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், பதிவின் விரல்ரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும். எனவே ஹார்ட் டிஸ்க்கை நகல் எடுப்பவர் அந்த எண்ணைக் குறித்துத் தரும் தடயவியல் நிபுணராக இருக்கட்டும்.

இனி, "சிவில் விவகாரம்" என்ற பேச்சு. உங்கள் வழக்கில் சிவிலும் இருக்கிறது, குற்றமும் இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பதும் அழிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவில் வருகின்றன. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், நம்பி ஒப்படைத்த சொத்தை ஊழியரே கையாடினால் 316(4) பிரிவின்படி ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. முன்பு இந்த வகைக் குற்றங்களில் "தரவு கையால் தொடக்கூடிய சொத்தா?" என்ற கேள்வி எழும். பழைய தண்டனைச் சட்டத்தில் அசையும் சொத்து என்றால் பருப்பொருள் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சன்ஹிதாவில் அந்தச் சொல் இல்லை. நிலமும் நிலத்தோடு பிணைந்ததும் தவிர எல்லா வகைச் சொத்தும் அடங்கும் என்கிறது. தரவும் அதில் வரும் என்று வாதிட இது நல்ல பிடி.

பலர் புகாரைத் தவறாக எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள். "என் கணினியில் நுழைந்துவிட்டார்" என்று எழுதினால், "ஆறு ஆண்டுகளாக நீங்கள்தானே உட்காரவைத்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அனுமதி எதற்கு இருந்தது, எதற்கு இல்லை என்று பிரித்து எழுதுங்கள். கடையில் அமர்ந்து கணக்கு எழுத அனுமதி இருந்தது. வெளியே எடுத்துச் செல்லவும் அழிக்கவும் இல்லை. இன்ன தேதியோடு அனுமதி முழுவதும் முடிந்தது. இந்த மூன்று வரிகளும் புகாரில் இருக்க வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும். அதனால் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கே நேராகப் போங்கள். 1930 என்ற உதவி எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. உங்களுக்கு எழுத்துப் புகாரே சரி. வாங்க மறுத்தால், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அவர் சிறையில் கிடப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த பென் டிரைவைக் கைப்பற்றச் செய்வதுதான் நமக்கு வேண்டியது.

நஷ்டஈடு கேட்க வேறு வாசலும் உண்டு. அதே சட்டத்தின் 46-ஆவது பிரிவின்படி நியமிக்கப்பட்ட தீர்ப்பளிக்கும் அதிகாரி 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருடையது.

அவர் வேறு கடையில் வேலை பார்ப்பதை உங்களால் தடுக்க முடியாது. "எங்கள் தொழிலில் இனி வேலை பார்க்க மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்தால்கூட, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அது செல்லாது. பிழைப்பைத் தடுக்க நானும் விரும்பவில்லை. உங்கள் விலைப் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பயன்படுத்துவது வேறு. அதற்கு நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். புதிய முதலாளிக்கும் மரியாதையாக ஒரு நோட்டீஸ் அனுப்புவோம். திருடிய தரவு என்று தெரிந்தும் வாங்கி வைத்துக்கொள்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவின்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எனக்குக் கவலை தருவது படகுக்காரர்களின் பாக்கி. வழக்கு மெதுவாக நடக்கும், பாக்கிக்கான காலக்கெடு நிற்காது. ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கை இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதில் பதிவு பெற்ற வணிகர்களுக்குப் போட்ட பில்கள்தான் தனித்தனியாகக் கிடைக்கும். பதிவில்லாத படகுக்காரர்களுக்கு விற்றது பெரும்பாலும் மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். யார் எவ்வளவு தரவேண்டும் என்று அதிலிருந்து தெரியாது.

உங்கள் கடையில் சரக்கு போகும்போது கையால் சிட்டை போடுவீர்கள் அல்லவா? முதுநகரில் இன்னும் பல கடைகளில் அந்த வழக்கம் இருக்கிறது. முன்பு ஒரு வழக்குக்காக ஒரு கடையின் சிட்டைக் கட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். கார்பன் நகலில் நீலம் மங்கிப்போய், வலையின் கண் அளவு, கிலோ, படகின் பதிவு எண், ஓரத்தில் வாங்கியவரின் சாய்ந்த கையெழுத்து. டேலியில் இருந்த எதையும்விட அந்தக் கையெழுத்துதான் நீதிமன்றத்தில் நின்றது. காரணம், சாட்சியச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி, முறையாக எழுதிவந்த கணக்குப் புத்தகம், கணினியில் இருந்தாலும், சாட்சியமாகும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர்மீது கடனைச் சுமத்த முடியாது. துணைக்கு வேறொன்று வேண்டும். அது உங்கள் பரணில் கட்டாகக் கிடக்கலாம்.

கடன் தவணை எதுவும் பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு, சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டால், காலவரையறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். கெடு முடிந்தபின் கையெழுத்து வாங்கினால் அந்தப் பலன் இல்லை. அப்போது "தருகிறேன்" என்று எழுத்தில் வாக்குறுதியே வேண்டும். ஆகவே பழைய சிட்டைகளிலிருந்து தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வலை எடுத்துக்கொண்டு, கடலுக்குப் போனபின் தருவதாகச் சொன்னவர்கள் உங்கள் பட்டியலில் நிறையப் பேர் இருப்பார்கள். மூன்றாண்டு முடியப்போகும் தடைக்காலத்துச் சிட்டைகளுக்குத்தான் அவசரம். படகுத்துறைக்கு நேரில் போய், பாக்கியைக் கூட்டிச் சொல்லி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இழந்த கணக்கும் திரும்ப உருவாகும், காலக்கெடுவும் நீளும். படகுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லலாம். உங்கள் மாமனார் காலத்துப் பழக்கத்தை மதிப்பவர்களே அதிகம்.

ஜிஎஸ்டி தளத்தில் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கணக்கருடையதாக இருப்பது சிறு கடைகளில் பரவலான தவறு. பான் அட்டை, பதிவுச் சான்றிதழுடன் உங்கள் பகுதி வரி அலுவலரிடம் மனுக் கொடுத்து, எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வருமான வரித் தளம், வங்கிக் கடவுச்சொல், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றையும் கையோடு சரிபாருங்கள். கணக்கு காணாமல்போனதை அந்த அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கிவையுங்கள். ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவு. மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதிகளில் 57-ஆவது விதி. நாளை தணிக்கை வந்தால் அந்தத் தேதியிட்ட கடிதம் உங்களுக்குத் துணையாக இருக்கும்.

புதிய கணக்கரை அமர்த்தும்போது, தரவு கடைக்கே சொந்தம், வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்ற இரண்டு வரியாவது நியமனக் கடிதத்தில் இருக்கட்டும். டேலியில் முதன்மைக் கடவுச்சொல் உங்களிடமும், குறைந்த அதிகாரமுள்ள தனிப் பெயர் அவரிடமும் இருக்கட்டும். டேலிவால்ட் பூட்டு போட்டால் அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள், மறந்தால் மீட்க வழியில்லை. வாரம் ஒரு பேக்கப் உங்கள் வீட்டுக்குப் போகட்டும், அதுவும் மாடிக்கு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியபோது, என்னிடம் வந்த ஒரு கடைக்காரர் பேக்கப் ஒழுங்காக எடுத்துத்தான் வைத்திருந்தார். கணினி இருந்த மேசையின் இழுப்பறையிலேயே வைத்திருந்தார். இரண்டும் ஒன்றாக நனைந்தன.

உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கப் போகும்போது கைப்பேசி, சிட்டைக் கட்டுகள், கணக்கருக்குச் சம்பளம் கொடுத்த வங்கிப் பதிவுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கணினியைத் துணியில் சுற்றி, கட்டி, தேதி எழுதி ஒட்டி, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.