சிலிண்டர் கசிந்து தீக்காயம்: "ட்யூப் பழசு" என்று ஏஜென்சி சொன்னால்

புது கேஸ் சிலிண்டர் மாட்டியதும் கசிந்து தீப்பிடித்து அம்மாவின் கை வெந்துவிட்டது, ஏஜென்சி பொறுப்பேற்க மறுக்கிறது, இழப்பீடு கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகக் கேட்கலாம். "ட்யூப் பழசு, உங்கள் பொறுப்பு" என்று ஏஜென்சிக்காரர் வாயால் சொல்வது முடிவே அல்ல. வீட்டு இணைப்புகளுக்கு எண்ணெய் நிறுவனங்களே காப்பீடு எடுத்திருக்கின்றன, நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு.

மாட்டிய உடனே கசிந்தது என்றால் எனக்கு முதல் சந்தேகம் வால்வுக்குள் இருக்கும் கறுப்பு வாஷர் மேல்தான். டார்ச் அடித்துப் பாருங்கள், வெடித்திருக்கிறதா, நசுங்கி ஒதுங்கியிருக்கிறதா, இல்லவே இல்லையா? நோண்டாமல் படம் எடுங்கள், சிலிண்டர் எண்ணும் ட்யூபில் அச்சிட்ட வருடமும் தெரியட்டும். இன்னும் கசிந்தால் மூடியை மாட்டி வெளியே வைத்துவிட்டு கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு அழையுங்கள், ஆதாரமெல்லாம் அப்புறம்.

ஏஜென்சிக்கு இன்றே எழுத்தில் புகார் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் பில்களும் கட்டாயம். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள்.

ஒன்று மட்டும்: சுரக்ஷா ட்யூபுக்கு (எண்ணெய் நிறுவனங்களின் ரப்பர் கேஸ் ட்யூப்) ஆயுள் 5 வருடம், அது தாண்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். இணைப்பு பதிவான முகவரியில் விபத்து நடக்காவிட்டாலும் சிக்கல் வரும்.