ஆசிரியர்கள் 30 சதவீத உயர்வு கேட்டபோது அயர்லாந்து அரசு ஏன் தனியாகப் பேச மறுத்தது?

தேசிய ஊதிய ஒப்பந்தம் என்பது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் கூடி, நாடு முழுவதற்கும் சில ஆண்டுகளுக்கான சம்பள உயர்வை முன்கூட்டியே முடிவு செய்வது. அயர்லாந்தில் இந்த வரிசை 1987-இல் தொடங்கியது. 2000-இல் வந்த ஒப்பந்தம் 33 மாதங்களுக்கு ஏறத்தாழ 15 சதவீதம் தந்தது. அதை மூன்று தவணையாகப் பிரித்திருந்தார்கள்.

இரண்டாம் நிலைப் பள்ளி ஆசிரியர்களின் ஏ.எஸ்.டி.ஐ. சங்கம் இது போதாதென்று தொழிற்சங்கக் கூட்டமைப்பிலிருந்தே விலகி, 30 சதவீதம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அரசு அசையவில்லை. பணம் இல்லாததல்ல காரணம். அப்போது அயர்லாந்தின் கஜானா நிரம்பித்தான் இருந்தது. பொதுத்துறையில் ஒரு பிரிவின் சம்பளம் இன்னொன்றோடு கோர்த்துக் கிடக்கிறது. பந்தியில் ஒரு இலைக்கு மட்டும் இரண்டாவது வடை விழுந்தால் வரிசை முழுக்கக் கை நீளும் அல்லவா? செவிலியர், காவலர் என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

அதற்குப் பதிலாக அரசு காட்டிய வழி, தனியார் துறையோடு ஒப்பிட்டுச் சம்பளம் பரிந்துரைக்கும் ஒரு குழு. 2002-இல் அது ஆசிரியர்களுக்கு 13 சதவீதம் பரிந்துரைத்தது. 30 எங்கே, 13 எங்கே! ஆனால் இது பொது உயர்வுக்கு மேல் கிடைத்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஒப்பந்தம் சட்டம் என்றும், அதை மீறி வேலைநிறுத்தம் செய்வது குற்றம் என்றும் சிலர் எண்ணுவதுண்டு. அப்படியில்லை, அது தரப்பினர் விரும்பி ஏற்றுக்கொண்ட உடன்பாடு மட்டுமே.