மதுரையிலிருந்து அரை நாள் பயணம்: அரிட்டாபட்டி போய்ப் பாருங்கள்

வாசகர் கேள்வி: மதுரையில் இருக்கிறோம். ஞாயிறு காலை கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். பையனுக்குப் பறவைகள் பிடிக்கும், அப்பாவுக்குக் கல்வெட்டு. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

கிடைக்கும். மேலூர் சாலையில் போய் இடதுபக்கம் பிரிந்தால், நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலமே ரத்தானது உங்களுக்கும் நினைவிருக்கும்.

விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது, அதோடு பறவை பார்ப்பதற்கும் காலைதான் சரி. லகடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகளுமே இந்தப் பாறை முகடுகளில் வாழ்கின்றன, அதனால் பையனிடம் பைனாகுலர் கொடுத்து முகட்டின் விளிம்பையே பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போடுவதோ கல் எறிவதோ கூடவே கூடாது, கூடு கட்டியிருக்கும் பறவை மிரண்டுவிடும்.

அப்பாவுக்கானது கழிஞ்சமலையில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளம். கூரைப் பாறையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமலிருக்கக் காடி வெட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே பாருங்கள், 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள். நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்துகொடுத்தார் என்பது அங்குள்ள கல்வெட்டுகளில் ஒன்றின் செய்தி. எடுத்ததும் கண்ணுக்குப் பிடிபடாது, கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கோடுகள் தெளியும். தயவுசெய்து சுண்ணாம்பு, சாக்பீஸ் எதுவும் பூசிப் படம் எடுக்க வேண்டாம், பல ஊர்களில் கல்வெட்டுகள் கெட்டது அப்படித்தான். பக்கத்திலேயே சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், அதன் கீழே அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்தது என்று சொல்லும், பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு.

அப்புறம், முற்காலப் பாண்டியர் பாறையைக் குடைந்து செய்த குடைவரையான சிவன் கோயிலை விட்டுவிடாதீர்கள். இடைச்சி மண்டபம் என்று கேட்டால் ஊரில் வழி சொல்வார்கள். ஒருபக்கம் பிள்ளையார், மறுபக்கம் தடியோடு அமர்ந்த இலகுலீசர். சைவத்தின் பழைய பிரிவான பாசுபதத்தின் குருவான அவர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம், எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

பாறை ஏற வேண்டியிருக்கும், அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அவசரப்படுத்தாமல் அழைத்துப் போங்கள். தண்ணீரும் சிற்றுண்டியும் கையோடு இருக்கட்டும், குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரி என்றால் இன்னும் நல்லது. இதோடு அழகர்கோயிலையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம், அரை நாளுக்கு இந்த ஊரே சரியாக இருக்கும். நேரம் மிச்சமிருந்தால் மட்டும், திரும்பும் வழியில் ஒத்தக்கடையில் இறங்கி யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.