மே மாதம் மட்டும்தான் ஊட்டியா?

கேள்வி: போன மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி போயிருந்தோம். கூட்டத்தில் பூவைவிட மனிதத் தலைகளைத்தான் அதிகம் பார்த்தோம். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. அவரை மறுபடி நிம்மதியாக அழைத்துப் போக ஆசை. வேறு மாதத்தில் போனால் பூ இருக்குமா?
- வாசகி, கரூர்

பதில்: நன்றாகவே இருக்கும். நான் ஊட்டியில் பிறந்து வளர்ந்தவள். மே மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் தாவரவியல் பூங்கா பக்கம் போக மாட்டோம். 1896-லிருந்து நடக்கிற கண்காட்சி, அதன் பெருமை குறையாது. ஆனால் ஒரு பூவின் முன்னால் நின்று நிதானமாகப் பார்க்க அது நேரமில்லை.

செப்டம்பர் கடைசியில் வாருங்கள். இங்கே அதை இரண்டாம் சீசன் என்போம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வடகிழக்கு மழை இன்னும் பிடித்திருக்காது. சால்வியா, டேலியா, பெட்டூனியா, மேரிகோல்டு எல்லாம் தொட்டி தொட்டியாக அடுக்கியிருப்பார்கள். அந்தப் பூக்களுக்காக ஊழியர்கள் மழைக்காலத்திலேயே நாற்று விட்டு, சாரலில் நனைந்துகொண்டு வேலை செய்திருப்பார்கள். மே மாதப் பூக்களுக்கான வேலையோ கடுங்குளிரிலேயே தொடங்கிவிடும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஆயுத பூஜை விடுமுறை மட்டும் வேண்டாம். ஜூன், ஜூலையும் அம்மாவுக்குச் சரிப்படாது. காற்றோடு அடிக்கிற சாரலில் குடை நிற்காது, பாதையும் வழுக்கும்.

பூங்கா தொட்டபெட்டா மலைச்சரிவில், சுமார் 55 ஏக்கரில் மேலேறிக்கொண்டே போகும். உச்சியில் தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, இருக்கிறது. அம்மாவை அவ்வளவு தூரம் ஏற்ற வேண்டாம். கீழே பெரிய புல்வெளி, இத்தாலியப் பூங்கா இரண்டையும் சுற்றினாலே அரை நாள் போய்விடும். சுமார் 2 கோடி ஆண்டு பழைய, கல்லாகிப்போன மரத்தண்டு ஒன்றும் பூங்காவில் உண்டு. எங்கே என்று ஊழியர்களிடம் கேட்டால் காட்டுவார்கள்.

அப்புறம், மரங்களைப் பாருங்கள். 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் இந்தப் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். வந்தவர்கள் பூவோடு செல்ஃபி எடுத்துவிட்டு, அந்தக் காலத்துப் பெருமரங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காகிதப்பட்டை மரம் என்று ஒன்று இருக்கிறது. பட்டை வெளிர் நிறத்தில் ஏடு ஏடாகப் பிரிந்து தொங்கும். விரல் வைத்தால் மெத்தென்று உள்ளே அமுங்கும். அம்மா கையை அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரிக்க மட்டும் வேண்டாம். இதற்குச் சீசனே கிடையாது.

நீங்கள் தனியாக வர முடிந்தால் ஜனவரியில் ஒரு விடியற்காலை வந்து பாருங்கள். உறைபனி விழுந்த அன்று பெரிய புல்வெளி உப்பளம் போல வெளுத்துக் கிடக்கும். நாற்றுகளை முந்தைய மாலையே மிலார் என்கிற ஒருவகைச் செடிகளால் மூடி வைத்திருப்பார்கள். வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள். அப்படியே விட்டால் இலை கருகிவிடும். பனி படிந்த புல்லில் கால் வைக்காதீர்கள், மிதித்த இடம் பழுத்துப்போகும். அந்த மாதத்தில் பூ குறைவுதான். ஆனால் ஒரு பூங்காவை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

சொந்த வண்டியில் வருவதானால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தக் கவலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள். அம்மாவுக்கு ஸ்வெட்டரோடு காதை மூட ஒரு மப்ளரும் வேண்டும்.

கேள்வி: அப்படிப் போகும்போது பூங்காவில் நீலக்குறிஞ்சியும் பார்க்கலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: அதை எதிர்பார்த்துப் பூங்காவுக்கு வராதீர்கள். நீலக்குறிஞ்சி மலைச்சரிவுப் புல்வெளிகளில் தானாக வளர்வது. 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். பெரிய அளவில் பூத்தது 2018-ல். அடுத்து 2030-ல் கேளுங்கள், எங்கே போகலாம் என்று சொல்கிறேன். இடையில் சில ஆண்டுகளில் பூத்ததாகச் செய்தி வந்தால், அது பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கும். அதுவும் அழகுதான், பறிக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.